கம்பெனிப் பணம் தீட்டில்லை

"எல்லாம் கம்பெனிக்காரன் கைக்குப் போயிட்டுல்லா அண்ணாச்சி, இனிமே ஓப்பன் சோர்ஸ்னு சொல்லிக்கிடுததுல என்ன இருக்கு?" வண்ணார்பேட்டைப் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடைகளிலும், பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் லினக்ஸ் பயிற்சி முடிந்து டீ குடிக்கும் கூட்டத்திலும் இப்போது இதுதான் பேச்சு. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. ஒரு காலத்தில் விண்டோஸ் திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொடுக்க மறுத்து, பிள்ளைகளின் பழைய கணினியில் உபுண்டு போட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த உபுண்டு குறுந்தகடு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் மறந்துவிட்டது. கனோனிக்கல் என்ற நிறுவனம் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவையும் தானே ஏற்று அனுப்பிய குறுந்தகடு அது. நம்மூரில் பலர் முதன்முதலாகப் பார்த்த கட்டற்ற மென்பொருளே ஒரு கம்பெனி அனுப்பியதுதான்.

அவர்கள் அடுக்கும் சம்பவங்களில் பொய் எதுவும் இல்லை. ரெட் ஹாட்டை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில், ரெட் ஹாட் கையில் இருந்த, 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பப்பட்ட சென்டோஸ் 8 லினக்ஸை 2021 கடைசியோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் கருவியின் திறந்த உரிமத்தைக் கட்டுப்பாடுள்ளதாக மாற்றியது. ரெடிஸ் தரவுத்தள நிறுவனம் 2024 மார்ச்சில் அதையே செய்தது. உலகத்து நிரலர்கள் பாதிப்பேர் குடியிருக்கும் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் 2018இல் 750 கோடி டாலருக்கு வாங்கி, அங்கே கிடந்த பொது நிரல்களில் பயிற்சி பெற்ற கோபைலட்டை மாதச் சந்தாவுக்கு விற்கிறது. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் வராதவன் வெகுளி. என் சண்டை சந்தேகத்தோடு இல்லை. கம்பெனி தொட்டதெல்லாம் கெட்டது, புதிதாக வருவதெல்லாம் சதி, பழையபடி தன்னார்வலர்கள் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தச் சந்தேகம் போய்ச் சேரும் இடத்தோடுதான்.

நெல்லையில் இந்த வாதத்துக்கு ஓர் உவமை தயாராக இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகள் தாமிரபரணியை உறிஞ்சுகிற மாதிரி, கூகுளும் அமேசானும் பொதுச்சொத்தான நிரலை உறிஞ்சுகின்றன என்பார்கள். கேட்கும்போது ரத்தம் கொதிக்கும். 2016 கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை போட்டதும், 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியதும், அதே மாதம் வணிகர் சங்கங்கள் அந்தப் பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் உவமை பொருந்தவில்லை. ஆலை எடுத்த தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போய்ச் சேராது. அமேசான் ஒரு கோடி கணினிகளில் லினக்ஸை ஓட்டினாலும் வண்ணார்பேட்டை மாணவனின் மடிக்கணினியில் உள்ள லினக்ஸில் ஓர் எழுத்துக்கூடக் குறையாது. நிரல் பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் பொருளில்லை. இதில் தீர்ந்துபோவது ஒன்றே ஒன்று: அதைப் பராமரிக்கிற மனிதனின் நேரமும் பொறுமையும்.

எக்ஸ்இசட் கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். எந்தக் கம்பெனியும் அதற்கு உரிமை கொண்டாடியதில்லை. லாசே காலின் என்ற ஒருவர் சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டார். அதாவது, நம் நண்பர்கள் ஏங்குகிற அந்தத் தூய்மையான நிலை அங்கே அப்படியே இருந்தது. 2022இல், மனநலச் சிக்கல்களால் வேகம் குறைந்திருக்கிறது, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். முகம் தெரியாத சில பெயர்கள் அவரை நெருக்கின: வேலை நடக்கவில்லை, வேறு ஆளிடம் கொடு என்று. அந்த வேறு ஆளும் தயாராகவே இருந்தார். ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தவர், மெல்ல இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு புறவாசலைச் செருகினார். அது பரவியிருந்தால் உலகத்தின் கணிசமான சர்வர்களுக்குள் அவர் விரும்பிய நேரத்தில் நுழைந்திருக்கலாம்.

கண்டுபிடித்தவர் யார்? மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. தோண்டிப் பார்த்து 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அரை நொடிக்கு உறுத்தல் வருவது ஒரு வகை நோய் என்றே சொல்வேன். அந்த நோய்க்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிரல் எல்லாருக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. தோண்ட அவகாசம் இருந்ததற்கு மாதச் சம்பளமும் ஒரு காரணம். நம் நண்பர்கள் முதல் பாதியை மேடையில் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

இது ஒற்றைச் சம்பவம் இல்லை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகத்து வங்கிகளெல்லாம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு முழுக்க வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பதும் கூடவே வெளிப்பட்டது. கம்பெனிகள் உள்ளே வந்ததால் வந்த கேடு இல்லை அது. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இலைக்குக் காசு வைக்காமல் எழுந்து போனதால் வந்த கேடு.

அப்படியானால் ஹாஷிகார்ப்பும் ரெடிஸும் செய்தது என்ன என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் பணத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஹாஷிகார்ப்புக்கு நிரல் அனுப்பியவர்கள் ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். நீங்கள் எழுதியதை எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் நாங்கள் வெளியிடலாம் என்பது அதன் சாரம். அந்த அதிகாரத்தை 2023இல் எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். ரெடிஸ் கதை கொஞ்சம் வேறு. அது பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. அடுத்த பதிப்பை யார் வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ள அந்த உரிமமே இடம் கொடுக்கிறது. இரண்டிலும் கதவு முன்பே திறந்துதான் கிடந்தது. நாம் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை.

இதற்கு நேரெதிராக லினக்ஸ் கருவைப் பாருங்கள். கம்பெனிப் பணம் தீட்டு என்றால் உலகத்திலேயே மிகத் தீட்டுப்பட்ட மென்பொருள் அதுதான். லினக்ஸ் அறக்கட்டளையின் 2017 அறிக்கைப்படி, 2005 முதல் அதுவரை 1,400க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த 15,600 பேர் அதில் எழுதியிருக்கிறார்கள். சம்பளமில்லாதவர்களின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இன்டெல், ரெட் ஹாட், கூகுள், சாம்சங் எல்லாம் கோடிக்கணக்கில் கொட்டியிருக்கின்றன. ஆனாலும் யாராலும் அதைப் பூட்ட முடியவில்லை. மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் திறந்தே வெளியிட வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமம் ஒரு காரணம். எழுதியவரின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது என்பது இன்னொரு காரணம். பூட்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பேரைத் தேடிப்பிடித்து, செத்துப்போனவர்களின் வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

ரெடிஸைப் பூட்டிய பிறகு நடந்ததும் ஒரு பாடம். மார்ச் 20 அன்று அறிவிப்பு வந்தது. எட்டே நாளில், கடைசித் திறந்த பதிப்பான 7.2.4ஐ எடுத்துக்கொண்டு வால்கீ என்ற பெயரில் தனிக்கிளை பிறந்துவிட்டது. லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்கீழ் அதற்குத் தோள்கொடுத்தவர்கள் அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன். ஒரு கம்பெனியின் பூட்டை உடைக்க மற்றக் கம்பெனிகள் வந்தன. புண்ணியத்துக்காக வரவில்லை, தங்கள் வியாபாரத்துக்காக வந்தார்கள். வரட்டுமே. வெளியே வந்த பதிப்பை யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்ற ஒரே விதியால் அவர்களின் சுயநலம் நமக்குப் பயன்பட்டது. 2025 மேயில் ரெடிஸும் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்குத் திரும்பி வந்தது.

தமிழுக்கு இந்தச் சண்டை புதிதுமில்லை. ஒருங்குறி (யூனிகோடு) வந்தபோது நாம் பேசியதெல்லாம் இதே பேச்சுதான். 1991இல் ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தது. தமிழும் அதில் இருந்தது. யூனிகோடு கூட்டமைப்பு என்பது ஜெராக்ஸ், ஆப்பிள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கூடி அமைத்தது. நம் எழுத்தை முடிவுசெய்ய இவர்கள் யார் என்று தமிழறிஞர்களும் கணினியாளர்களும் கொதித்தார்கள். 128 இடம்தான், மெய்க்குத் தனியிடம் இல்லை, உயிர்மெய்களை உடைத்து வைத்திருக்கிறார்கள். குறைகள் உண்மையானவை. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. அதற்கு முன்பே உலகெங்கும் சிதறிக்கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசியே டிஸ்கி என்ற குறியாக்கத்தை வடித்தார்கள். அவர்கள்மேல் எனக்கிருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அந்த ஆண்டுகளில் தமிழைப் பூட்டிவைத்தது எந்த அமெரிக்கக் கம்பெனியும் இல்லை. நம்மூர் எழுத்துரு வியாபாரம்தான். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். ஒரு நாளிதழின் இணையதளத்தைப் படிக்க அவர்கள் எழுத்துருவை இறக்க வேண்டும். அடுத்த நாளிதழுக்கு இன்னொன்று. ஒன்றில் தட்டச்சு செய்ததை இன்னொன்றில் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் எந்த டிடிபி கடையிலும் கேட்டுப் பாருங்கள், பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க எழுத்துரு கிடைக்காமல் மறுபடியும் முதலிலிருந்து அடித்த கதை இருக்கும். சொந்த ஊர், சொந்த மொழி, சொந்தத் தொழில். பூட்டு மட்டும் குறையவில்லை. இன்று திருநெல்வேலியில் தட்டிய தமிழை டொராண்டோவில் படிக்க முடிகிறதென்றால் அது அந்தக் கம்பெனிக் கூட்டமைப்பின் அட்டவணையால். தமிழ்நாடு அரசே அதில் உறுப்பினராகி வாதாடியது. கடைசியில் 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியையே அரசுக்கான குறியாக்கமாக ஏற்றது. அது வேலைசெய்யாத இடத்துக்கு டேஸ் 16.

அட்டவணை மட்டும் போதாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டுமல்லவா? அதைச் செய்ய ஒரு வடிவமைப்புப் பொறி வேண்டும். விண்டோஸ் 2000இல் மைக்ரோசாஃப்ட் அதைச் செய்தது, மூடிய பெட்டிக்குள். திறந்த உலகத்தில் இன்று அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். அதைத் திரும்ப எழுதி நிலைநிறுத்திய பெஹ்தாத் எஸ்ஃபாபோத், முதலில் ரெட் ஹாட் சம்பளத்திலும் பிறகு கூகுள் சம்பளத்திலும் இருந்தவர். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. எழுத்துருவுக்கு வந்தால், லோஹித் தமிழ் ரெட் ஹாட் கொடுத்தது, நோட்டோ தமிழ் கூகுள் கொடுத்தது. இரண்டையும் யாரும் மாற்றலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், பெயர்மாற்றி வெளியிடலாம். கம்பெனிக் கையே படக்கூடாது என்பவர், தன் திரையில் இருக்கும் கொம்பையும் காலையும் முதலில் கழற்றி வைத்துவிட்டுப் பேச வேண்டும்.

தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நம்மூரில் முடியாது. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். இந்தியாவில் அன்றைக்கு அது பெரிய துணிச்சல். சூசே அப்போது நோவெல் கையில். நோவெலோ 2006 நவம்பரில்தான் மைக்ரோசாஃப்டோடு காப்புரிமை ஒப்பந்தம் போட்டிருந்தது. உலகமே துரோகம் என்று கத்தியது. கத்தியதோடு நிற்காமல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை என்ன செய்தது தெரியுமா? 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், அந்த மாதிரி ஒப்பந்தங்களை முடக்கும் பத்தியையே சேர்த்தது. உரிமத்தைக் கொண்டே பதில் சொன்னார்கள். சூசே அதன்பிறகு 2011இல் அட்டாச்மேட்டுக்கும், 2014இல் மைக்ரோ ஃபோகஸுக்கும், 2019இல் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் கைமாறியது. நாலு முதலாளி மாறியும் நிரல் திறந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த முயற்சி பள்ளி கல்லூரிகளில் வேர்பிடிக்காமல் போனதற்கு நோவெலைக் குறைசொல்லிப் பயனில்லை. 2011இல் இலவச மடிக்கணினிகள் வந்தபோது விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் போனால் வேறு கதை. கேரளத்துப் பள்ளிகளில் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, மலையாளத்தில் பாடம் எழுதி, ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தார்கள். அவர்களின் கைட் லினக்ஸ் எதன்மேல் கட்டப்பட்டது? உபுண்டுமேல். கனோனிக்கல் என்ற அதே கம்பெனியின் உபுண்டுமேல். அங்கே வாத்தியார்களுக்குத் தெரியும் என்பதால் கம்பெனி கைவிட்டாலும் பாடம் நிற்காது. நம் பக்கம் அந்த வேலை நடக்கவில்லை. கம்பெனி வந்து கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

புதுத் தொழில்நுட்பத்தின்மேல் உள்ள வெறுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸைத் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டி வந்தபோது யூனிக்ஸ் செத்தது என்றார்கள். டெபியன் அதை ஏற்றது பிடிக்காதவர்கள் டெவுவான் என்று பிரிந்து போனார்கள். இன்றும் வைத்திருக்கிறார்கள், யாரும் தடுக்கவில்லை. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1இல் ரஸ்ட் மொழி நுழைந்ததற்கும் அதே ஒப்பாரி. ஆனால் தன் மென்பொருள்களின் பாதுகாப்பு ஓட்டைகளில் 70 சதவீதம் நினைவகத்தைக் கையாளும் பிழைகள் என்று மைக்ரோசாஃப்டே 2019இல் ஒப்புக்கொண்டது. அந்தப் பிழைகளைத் தடுக்கவே பிறந்த மொழி ரஸ்ட். அதுவும் ஒரு தனிமனிதன் சொந்த விருப்பத்தில் தொடங்கியது.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் மட்டும் சந்தேகக்காரர்கள் பக்கம் பாதிதூரம் வருவேன். மெட்டாவின் லாமாவைத் திறமூலம் என்று விளம்பரம் செய்வது பச்சைப் பொய். மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் உள்ள நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும், இன்னின்னதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்ட பிறகு அது எங்கே திறந்திருக்கிறது? எதைத் தின்று வளர்ந்தது என்பதும் வெளியே தெரியாது. ஆனால் அதே துறையில் ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத்தையும் பாருங்கள். இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனியும் ரோகிணி நிலேகனியும் 2022இல் கொடுத்த 36 கோடி ரூபாயில் அங்கே ஒரு மையம் எழுந்தது. அடுத்த ஆண்டு வந்த இண்டிக்டிரான்ஸ்2, தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரி, எம்ஐடி உரிமத்தில் வெளியானது. இரண்டு பக்கமும் பெரும்பணம்தான். ஒன்றின் உரிமத்தில் நிபந்தனை இருக்கிறது, மற்றதில் இல்லை. யார் பணம் என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை கண்ணில் படாது.

"அப்போ கூகுளுக்குச் சும்மா உழைக்கச் சொல்லுதீயளா?" என்பது கடைசியாக வரும் கேள்வி. உழைக்க வேண்டாம். உங்கள் நிரல் பயன்படுவதற்குப் பதில் மரியாதை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரலுக்கு ஏஜிபிஎல் போடுங்கள். இணையம் வழியாகச் சேவையாகக் கொடுப்பவரும், தான் செய்த மாற்றங்களைப் பயனர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்கிற உரிமம் அது. அந்த உரிமத்தில் உள்ள நிரலை உள்ளே பயன்படுத்தக் கூடாது என்று கூகுள் தன் ஊழியர்களுக்கு வெளிப்படையாகவே விதி எழுதி வைத்திருக்கிறது. கம்பெனிக்காரனை எட்ட நிறுத்த நினைக்கும் வண்ணார்பேட்டை நண்பர்களில் எத்தனை பேர் தங்கள் நிரலில் அந்த உரிமக் கோப்பை வைத்திருக்கிறார்கள்?